நாற்பது என்று சொன்ன நரி

சித்திரை மாதத்துத் தீயில் பாதி கருகிப் போய், பிறகு பெய்த மழையில் மறுபடியும் பச்சை பிடித்த ஒரு காட்டில், புள்ளிமான் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது.

தீ வந்தபோது பெரிய மான்கள் குட்டிகளை முன்னால் விரட்டிவிட்டுப் பின்னால் ஓடின. முன்னால் ஓடிய குட்டிகள் பிழைத்தன. பின்னால் ஓடிய தாய்களில் பலர் வந்து சேரவில்லை. அதனால், குழந்தைகளே, அந்தக் கூட்டத்தில் தாயில்லாத குட்டிகள் நிறைய. எது யாருடைய குட்டி என்று கேட்கக்கூட ஆளில்லை. எல்லாக் குட்டிகளும் எல்லாருக்கும் பொது என்று வைத்துக்கொண்டார்கள்.

பகலில் குட்டிகள் ஓடைக்கரையில் மேயும். பொழுது சாயும் நேரத்தில் மூங்கில் புதர்களுக்கு நடுவே இருந்த வெளிக்குள் அவற்றை அடைப்பார்கள். அடைக்கும்போது எண்ண வேண்டும். அது தலைவனின் வேலை.

தலைவன் பெயர் கவைக்கொம்பன். கொம்பு பெரிது, பொறுமை சிறிது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தொடங்குவான். இருபதைத் தாண்டுவதற்குள் ஒரு குட்டி துள்ளி வெளியே வந்துவிடும். இன்னொன்று இரண்டாம் முறை உள்ளே நுழையும். "அட, ஒரு இடத்தில் நில்லுங்களேன்!" என்று காலைத் தரையில் உதைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். தினமும் இதே பாடு.

அந்தக் கூட்டத்தில் வெருளி என்று ஒரு பெண்மான் இருந்தாள். சருகு விழுந்தாலும் வெருண்டு நிமிர்வாள் என்பதால் அந்தப் பெயர். தண்ணீர் குடிக்கும் முன் தண்ணீரைச் சந்தேகப்படுவாள். புல்லைக் கடிக்கும் முன் புல்லுக்குப் பின்னால் யார் என்று பார்ப்பாள். தீ வந்த அன்று எல்லாக் குட்டிகளும் முன்னால் ஓட, அவளுடைய குட்டி மட்டும் தாயைத் தேடித் திரும்பி ஓடி வந்தது. அன்றிலிருந்து அவள் காதுகள் விறைத்தபடியே இருந்தன.

ஒரு நாள் மாலை, கவைக்கொம்பன் நான்காவது முறையாக ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தலைவரே, தொண்டை வறண்டுவிடப் போகிறது. நான் ஒரு வழி சொல்லட்டுமா?"

சாம்பல்வாலன் என்ற நரி அங்கே உட்கார்ந்திருந்தான். கவைக்கொம்பன் கொம்பைத் தாழ்த்தினான். நரி ஓடவில்லை. தரையோடு தரையாகப் படுத்து, வாயைத் திறந்து காட்டினான். முன்பற்கள் இல்லை.

"தீக்குப் பயந்து ஓடியபோது பாறையில் விழுந்து பல் போய்விட்டது. இப்போது நண்டும், விழுந்து கிடக்கும் பழமும்தான் என் சாப்பாடு. எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். உங்கள் கண் முன்னால், உங்கள் குட்டிகளுக்குச் சொல்லித் தருகிறேன். அப்புறம் அவையே தங்களை எண்ணிக்கொள்ளும். நீங்கள் நிம்மதியாக மேயலாம்."

வெருளி தலைவனின் காதருகே போனாள். "அண்ணா, பல் இல்லாதவன் நண்டு ஓட்டை எதனால் உடைக்கிறான்?"

"கல்லில் தட்டி உடைப்பானாக இருக்கும். உனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?" என்றான் கவைக்கொம்பன். எண்ணி எண்ணி அவன் அலுத்துப் போயிருந்தான்.

மறுநாளே பாடம் தொடங்கியது. பெரிய மான்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். வெருளி மற்றவர்களைவிட ஓர் அடி முன்னால் நின்றாள்.

சாம்பல்வாலன் மூங்கில் வாசலுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழி தோண்டினான். "வலப்பக்கம் இருப்பது ஒன்றுகளின் வீடு. இடப்பக்கம் இருப்பது பத்துகளின் வீடு. ஆளுக்கொரு கூழாங்கல்லை ஓடையிலிருந்து கவ்விக்கொண்டு வாருங்கள். வலக்குழியில் போட்டுவிட்டு உள்ளே போங்கள்."

குட்டிகள் போட்டன. பத்துக் கல் சேர்ந்ததும் நரி வழியை மறித்தான். "பொறுங்கள். ஒன்றுகளின் வீடு நிறைந்துவிட்டது." பத்துக் கல்லையும் வெளியே எடுத்தான். ஒன்பதை ஓடையில் தள்ளினான். மிச்சமிருந்த ஒன்றை இடக்குழியில் போட்டான்.

"இந்தக் கல் இப்போது பெரிதாகிவிட்டதா?"

"இல்லை!" என்று குட்டிகள் கத்தின.

"கனம் கூடிவிட்டதா?"

"இல்லை!"

"அப்படியானால் இது எப்படிப் பத்துக் குட்டிகளுக்குச் சமம் ஆயிற்று?"

குட்டிகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. இலந்தை என்ற மெலிந்த குட்டி கழுத்தை நீட்டினாள். அவளும் தாயில்லாதவள்தான். "கல் மாறவில்லை வாத்தியாரே, இடம்தான் மாறியிருக்கிறது. அந்தக் குழியில் இருந்தால் ஒன்று. இந்தக் குழியில் இருந்தால் பத்து."

"சபாஷ்! அதற்குப் பெயர்தான் இடமதிப்பு," என்றான் நரி.

கடைசிக் குட்டி உள்ளே போனபோது இடக்குழியில் நான்கு கல் இருந்தன. வலக்குழியில் மூன்று. "நாற்பத்து மூன்று!" என்று குட்டிகள் ஒரே குரலில் கத்தின. சூரியன் இன்னும் மரத்துக்கு மேலேதான் இருந்தது. கவைக்கொம்பனுக்கு வந்த சந்தோஷத்தில் அவன் தரையில் புரளாத குறைதான்.

வெருளிக்கும் அந்தப் பாடம் பிடித்துத்தான் இருந்தது. பத்தைக் கொடுத்து ஒன்றை வாங்குவதும், இடம் மாறியதும் மதிப்பு ஏறுவதும் அவளைக் கொஞ்ச நேரம் மயக்கிவிட்டன. கொஞ்ச நேரம் கழித்து, 'நான் ஏன் இவ்வளவு நேரம் நரியின் வாலைப் பார்க்காமல் இருந்தேன்?' என்று தன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

சில நாள் கழித்து நரி அடுத்த பாடத்தை எடுத்தான். பழைய கரையான் புற்று ஒன்று மழையில் கரைந்து, மாட்டுத் திமில் போலக் கிடந்தது. அதன் முதுகில் நகத்தால் ஒன்பது கீறல் போட்டான்.

"இந்த அடிவாரம் நாற்பது. அந்த அடிவாரம் ஐம்பது. நடுவில் உள்ள கீறல்கள் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று வரிசையாக ஏறி இறங்குகின்றன. யார் விளாம்பழம் கொண்டு வருகிறீர்கள்?"

ஒரு குட்டி உருட்டிக்கொண்டு வந்தது. நரி அதை மூன்றாவது கீறலில் வைத்து விட்டான். பழம் பின்னால் உருண்டு நாற்பதில் போய் நின்றது. ஏழாவது கீறலில் வைத்தான். முன்னால் உருண்டு ஐம்பதுக்குப் போயிற்று. குட்டிகளுக்குத் தாங்கவில்லை. "நான், நான்" என்று முட்டி மோதின.

"உச்சியில் வைத்தால்?" என்று கேட்டாள் இலந்தை.

"ஐந்தாவது கீறலா? அது சரிபாதி. அங்கே நின்றால் முன்னால் தள்ளிவிடுவது வழக்கம். கிட்ட இருக்கும் பத்துக்கு இப்படிப் போய்ச் சேர்வதுதான் முழுதாக்குதல்." நரி கவைக்கொம்பன் பக்கம் திரும்பினான். "தலைவரே, இனிமேல் நாற்பத்து மூன்று என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. நாற்பது. வாய்க்கும் நிறைவு, நினைவிலும் நிற்கும்."

"அந்த மூன்று எங்கே போயிற்று, வாத்தியாரே?" என்றாள் இலந்தை.

ஆடிக்கொண்டிருந்த நரியின் வால் ஒரு கணம் நின்றது.

"எங்கேயும் போகவில்லை, கண்ணு. அது சின்னது. பெரிய கணக்குப் போடுகிறவர்கள் சின்னதைப் பார்க்க மாட்டார்கள்." சொல்லிக்கொண்டே இரண்டு குழிகளிலும் இருந்த கற்களை வாரி ஓடையில் எறிந்தான். வால் மறுபடி ஆடத் தொடங்கியது.

மற்றவர்கள் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெருளி வாலைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் நரி கற்களை எண்ணி, புற்றில் பழத்தை உருட்டி, "நாற்பது!" என்று குரல் கொடுப்பான். "நாற்பதா? சரி," என்று சொல்லிவிட்டுக் கவைக்கொம்பன் புல்லில் வாய் வைப்பான்.

பிறகு நரி தனிப்பாடம் என்று ஒன்றைத் தொடங்கினான். கணக்கு வராத குட்டி ஒன்றை மத்தியானத்தில் பாறை இடுக்குப் பக்கம் அழைத்துப் போவான். "இங்கே சத்தம், மனம் பதியாது," என்பான். திரும்பி வரும்போது தனியாக வருவான். "பாடம் முடிந்தது. குட்டி மேயப் போயிருக்கிறது," என்பான்.

காது கிழிந்த குட்டி ஒன்று வெருளிக்குப் பழக்கம். தண்ணீர்த்துறையில் அவள் பக்கத்தில் நின்றுதான் குடிக்கும். ஒரு நாள் அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காட்டில் யார் யார் வயிறு பெருத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனாள். வாகை மரத்தடியில் ஒரு மலைப்பாம்பு வீங்கிப் போய்ப் படுத்திருந்தது.

"இவன்தான்! இவன்தான் விழுங்கியிருக்கிறான்!" என்று கூட்டத்தையே கூட்டிவிட்டாள்.

மலைப்பாம்பு மெதுவாகத் தலையைத் தூக்கியது. "அம்மா, இது பெருச்சாளி. ஒன்றுக்கு இரண்டாக விழுங்கி மூச்சுத் திணறிக் கிடக்கிறேன். வாயைப் பார், இரண்டாவதன் வால் இன்னும் உள்ளே போகவில்லை." அதன் உதட்டோரம் ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் சிரித்துவிட்டது. கவைக்கொம்பன் சிரிக்கவில்லை. "வெருளி, முந்தாநாள் நாற்பது. நேற்றும் நாற்பது. யாரும் காணாமல் போகவில்லை. உன் காது கிழிந்த குட்டி அந்த நாற்பதுக்குள் எங்காவது இருக்கும். இன்னொரு தடவை இப்படிக் கத்தாதே."

அவள் தலை குனிந்தபடி வந்தாள். ஆனால் அன்று மாலை வாசலில் போய் நின்று குழிகளை உற்றுப் பார்த்தாள். குட்டிகள் எல்லாம் உள்ளே போயிருந்தன. வலக்குழி நிறையக் கல். இடக்குழியில் மூன்றே மூன்று.

"வாத்தியாரே, முதல் நாள் பத்துகளின் வீட்டில் நான்கு கல் இருந்ததே? இன்று மூன்றுதானே இருக்கிறது?"

நரி வாயை அகலத் திறந்து சிரித்தான். முன்பல் இல்லைதான். ஆனால் வாய்க்குள்ளே ஆழத்தில் கடைவாய்ப் பற்கள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன.

"மூன்று பத்தும் ஒன்பதும் முப்பத்தொன்பது. பழத்தை உருட்டுங்கள், பிள்ளைகளே!" பழம் உருண்டது. "எங்கே போய் நின்றது?"

"நாற்பது!" என்றன குட்டிகள்.

"பாடம் புரியாதவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்," என்றான் நரி தலைவனிடம். குரலைத் தாழ்த்தினான். "நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் குட்டியைப் பறிகொடுத்தவள். எந்நேரமும் குட்டிகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏதாவது ஒன்றைத் தன் குட்டி என்று எண்ணிக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று எனக்கு அடிவயிற்றில் பயமாக இருக்கிறது."

அந்தப் பேச்சு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போயிற்று. மறுநாள் வெருளி மேயப் போன இடத்தில் மற்ற பெண்மான்கள் குட்டிகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். "மூங்கில் வாசலுக்கு நீ இனி வர வேண்டாம்," என்றான் கவைக்கொம்பன். இதுவரை எல்லாரையும் அவள் சந்தேகமாகப் பார்த்தாள். இப்போது எல்லாரும் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அது எப்படிச் சுடும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்றே ஓடையின் அக்கரைக்குப் போனாள். ஒரு புங்கமரத்தின் பின்னால் குளம்பால் இரண்டு குழி கிளறினாள். மாலையில் ஒவ்வொரு குட்டி வாசலில் நுழையும்போதும் வலக்குழியில் ஒரு கல் போட்டாள். பத்துச் சேர்ந்ததும் ஒன்றை இடக்குழிக்கு மாற்றினாள். நரி சொல்லித் தந்தபடியேதான் செய்தாள், ஒன்றைத் தவிர. எண்ணி முடித்த பிறகும் குழிகளில் இருந்த கற்களை அவள் எறியவில்லை.

இடக்குழியில் மூன்று. வலக்குழியில் ஒன்பது. மூங்கில் வாசலிலிருந்து நரியின் குரல் கேட்டது. "நாற்பது!"

அடுத்த நாள் மத்தியானம் வெள்ளைக்குளம்புக் குட்டி ஒன்று தனிப்பாடத்துக்குப் போவதைப் பார்த்தாள். மாலையில் பக்கத்திலேயே புதிதாக இரண்டு குழி கிளறி எண்ணினாள். இடக்குழியில் மூன்று. வலக்குழியில் எட்டு.

"நாற்பது!" என்றான் நரி.

அந்தச் சமயத்தில் பின்னால் சருகு சரசரத்தது. துள்ளித் திரும்பினாள். இலந்தை நின்றுகொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாமல் வாசலிலிருந்து நழுவி ஓடையைத் தாண்டி வந்திருந்தாள்.

"சித்தி, உங்களிடம் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். நாளைக்கு எனக்குத் தனிப்பாடமாம்."

"உனக்கா? எல்லாக் கேள்விக்கும் முதலில் பதில் சொல்கிறவள் நீதானே?"

"எனக்குத்தான் சந்தேகம் அதிகமாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தீர்த்து வைக்கிறேன் என்றார் வாத்தியார்."

வெருளி குட்டியின் நெற்றியை நக்கிக் கொடுத்தாள்.

விடிந்ததும் வெருளி நேராகக் கவைக்கொம்பனிடம் போனாள். நரி அந்நேரத்தில் ஓடையில் நண்டு பிடிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு தூரத்தில் திரிவான்.

"உன்னை வரக்கூடாது என்று..."

"கத்த மாட்டேன் அண்ணா. யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். நீங்களே ஒரு விளாம்பழத்தை உருட்டிப் பாருங்கள். அது போதும்."

அவள் கெஞ்சிய விதத்தில் அவன் எழுந்து வந்தான். இலந்தையும் கூட வந்தாள். புற்றடியில் வெருளி சொன்னாள். "முதல் நாள் குட்டிகள் நாற்பத்து மூன்று. எல்லாரும் கேட்டோம். மூன்றாவது கீறலில் வையுங்கள்."

கவைக்கொம்பன் வைத்தான். பழம் நாற்பதுக்கு உருண்டது.

"ஒரு குட்டி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கீறல்."

நாற்பது.

"இன்னொன்றும் போய்விட்டது."

நாற்பது.

"இப்போது இதே புற்றை முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே என்று நினைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொன்பது. ஒன்பதாவது கீறல்."

பழம் மறுபக்கம் உருண்டது. "நாற்பது," என்றான் கவைக்கொம்பன். அவன் குரல் இறங்கியிருந்தது. அவள் சொல்லாமலே எட்டாவது கீறலில் வைத்தான். நாற்பது. ஏழாவது. நாற்பது. ஆறாவது. நாற்பது. ஐந்தாவதில் வைத்து, முன்னால் தள்ளினான். அதுவும் நாற்பதுதான்.

"நேற்று நான் அக்கரையிலிருந்து எண்ணினேன். முப்பத்தெட்டு. கல் அப்படியே கிடக்கிறது, வந்து பாருங்கள். ஐந்து பிள்ளைகள் இல்லை அண்ணா. நாற்பது மட்டும் இருக்கிறது."

கவைக்கொம்பன் விழித்தபடி நின்றான். "ஆனால் கணக்கு சரியாகத்தானே..."

வெருளி இலந்தையிடம் திரும்பினாள். "பத்துக்கு முழுதாக்குவது போல நூற்றுக்கும் முழுதாக்கலாம் அல்லவா?"

"ஆமாம் சித்தி. ஐம்பதும் அதற்கு மேலும் இருந்தால் நூறு. அதற்குக் கீழே இருந்தால் சுழி."

"அப்படியானால் நம் குட்டிகள் எல்லாம் சேர்ந்து எத்தனை?"

இலந்தை வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"சொல்லு," என்றான் கவைக்கொம்பன்.

"சுழி, பெரியப்பா. நாங்கள் யாருமே இல்லை."

கவைக்கொம்பன் பாறை இடுக்குப் பக்கம் நடந்தான். திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. அங்கே சின்னச் சின்னக் குளம்புகள் கிடந்தன என்று மட்டும் சொன்னான். வாழ்க்கையில் முதல் தடவையாக, எண்ணுவதற்கு அவனுக்குச் சலிப்பாக இல்லை. பயமாக இருந்தது.

"இப்போதே போய்க் குத்திக் கிழிக்கிறேன்!"

"உங்களைக் கண்டதும் ஓடிவிடுவான். வேறு காட்டுக்குப் போய் வேறு யாருடைய பிள்ளைகளுக்கோ பாடம் எடுப்பான். ஓட முடியாதபடி செய்ய வேண்டும்," என்றாள் வெருளி. "நீங்கள் எப்போதும் போல மேய்ந்துகொண்டிருங்கள். நான் போய் அவனிடம் மாணவியாகச் சேர்கிறேன்."

மத்தியானம் நரி வந்தபோது வெருளி அவன் எதிரில் தலையைத் தாழ்த்தி நின்றாள்.

"வாத்தியாரே, நான் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன். பழத்தை உருட்டி உருட்டிப் பார்த்தேன். எப்படி உருட்டினாலும் நீங்கள் சொன்ன எண்தான் வருகிறது."

நரியின் கண்கள் சுருங்கின. அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மோந்து பார்த்தான். சந்தேகம் அவனுக்கும் உண்டு. "திடீரென்று என்ன இந்த ஞானம்?"

"இலந்தைக்குத் தனிப்பாடம் என்று கேள்விப்பட்டேன். அவள் என்னிடம் ஒட்டிக்கொண்டவள். நன்றாகப் படிக்கட்டுமே என்றுதான். ஆனால் அந்தப் பாறை இடுக்கில் இப்போது வெயில் காய்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் நாணல் காடு இருக்கிறதே, நல்ல நிழல். சத்தமே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரியவே மாட்டார்."

தெரியவே மாட்டார் என்றதும் நரியின் நாக்கு உதட்டைத் தடவிக்கொண்டது. "அங்கே காட்டெருமைகள் வரும் என்பார்களே?"

"இன்று காலைதான் பார்த்தேன். என்னைப் பற்றித் தெரியாதா, நான் எதையும் பார்க்காமல் விடுவேனா?"

"எத்தனை இருந்தன?"

வெருளி கொஞ்சம் யோசிப்பது போல நின்றாள். "நீங்கள் சொல்லித் தந்தபடி முழுதாக்கிப் பார்த்தால், சுழி."

நரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன்னைச் சந்தேகப்பட்டவளின் வாயிலேயே தன் பாடம்! "சபாஷ், சபாஷ். இவ்வளவு நாள் உன்னை மட்டமாக நினைத்துவிட்டேனே. நான் முன்னால் போய் இடத்தைச் சரிசெய்கிறேன். நீ குட்டியை அழைத்துக்கொண்டு வா."

"இதோ வருகிறேன்," என்றாள் வெருளி. அவள் ஓர் அடிகூட நகரவில்லை.

சாம்பல்வாலன் ஓடையைத் தாண்டினான். நாணலுக்குள் நுழைந்தான். உள்ளே சேறு குளிர்ச்சியாக இருந்தது. இன்னும் நான்கு எட்டு வைத்தான். சேறு எழுந்து நின்றது.

சேறு பூசிக்கொண்டு படுத்திருந்த காட்டெருமை அது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் மூன்றாவது. மூன்றுக்கும் நடுவில், பிறந்து சில நாளே ஆன ஒரு கன்று. கன்றின் தாய் நரியைப் பார்த்தாள். அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

நாணல் காடு குலுங்கியது. நரி ஒரு தடவை நாணலுக்கு மேலே, வானத்தில் தெரிந்தான். பிறகு கீழே போனான். மறுபடி தெரிந்தான். ஊளை கேட்டு மான்கள் எல்லாம் கரைக்கு ஓடி வந்தன. பின்னங்கால் ஒன்று தொங்க, இடுப்பு வளைந்துபோய், நரி அக்கரையில் தவழ்ந்து வந்தான்.

"பொய்க்காரி! சுழி என்றாயே! நான்கு இருக்கிறதே!"

"நான்குதான் வாத்தியாரே," என்றாள் வெருளி. "ஐந்துக்குக் கீழே. கிட்ட இருக்கும் பத்து எது என்று நீங்களே சொல்லுங்கள்."

நரி வாயைத் திறந்தான். பின்னால் நாணல் மறுபடி அசைந்தது. அவன் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, கருகிய மரங்களுக்கு நடுவே போய் மறைந்தான். ஓடித் துரத்திப் பிடிக்க இனி அவனால் முடியாது. நண்டும் விழுந்த பழமும்தான் இனி உண்மையிலேயே அவன் சாப்பாடு.

அன்று மாலை மூங்கில் வாசலில் கவைக்கொம்பனே குழியருகில் நின்றான். குட்டிகள் கல் போட்டன. ஒரு குட்டி துள்ளி வெளியே வந்தது. அவன் காலை உதைக்கவில்லை. பொறுமையாக மறுபடி தொடங்கினான். முடிந்ததும் வெருளியைத் திரும்பிப் பார்த்தான்.

"முப்பத்தெட்டு," என்றான்.

வெருளி வலக்குழியின் எட்டுக் கற்களையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு, இலந்தையின் பக்கத்தில் போய்ப் படுத்தாள். மற்ற பெண்மான்கள் தங்கள் குட்டிகளை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் படுத்தார்கள்.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில், கூட்டத்தில் ஒரு பெண்மான் குட்டி ஈன்றாள். தீக்குப் பிறகு அந்தக் காட்டில் பிறந்த முதல் மான்குட்டி அது. எழுந்து நிற்கப் பார்த்து, விழுந்து, மறுபடி எழுந்தது. மாலையில் அதற்குக் கல்லைக் கவ்வத் தெரியவில்லை. இலந்தை அதற்காக ஒரு சின்னக் கல்லைக் கொண்டுவந்து வலக்குழியில் போட்டாள்.

கவைக்கொம்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். காடு முழுக்கக் கேட்கும்படி குரலெடுத்து, "முப்பத்தொன்பது!" என்று கூவினான்.

நீதி: காயையும் கனியையும் தோராயமாக எண்ணலாம்; உயிர்களை ஒவ்வொன்றாகத்தான் எண்ண வேண்டும்.